சில்லறை

அஞ்சு ரூபாயில் இருக்கிறதாம். பத்திலும் இருக்கிறதாம்.
ஜிப்மர் தோல் பிரிவு டாக்டர் சொன்னார்,
என் முதுகைப் படித்துவிட்டு.

இரண்டு நாள் ஒட்டிவைத்திருந்தார்கள்,
வரிசை வரிசையாகச் சின்ன வில்லைகள்.
குளிக்கக் கூடாது. வேர்க்கக் கூடாது.
சித்திரை மாதம், கடலூர் டவுன் பஸ், வேர்க்கக் கூடாது.
மூன்றாவது வரிசையில் ஒன்று மட்டும் சிவந்து பொரிந்திருந்தது.
நிக்கல், என்றார்.
பதினோரு வருஷமாக இருட்டில் நின்று அடித்தவனின்
பெயர் மட்டும் கிடைத்தது.

"கண்டக்டர் சார் நான்" என்றேன்.
எழுதுவதை நிறுத்தி
அப்போதுதான் என் காக்கி பேண்ட்டைப் பார்த்தார்.

அதற்கு முன்னால்
குப்பைமேனியும் மஞ்சளும் அரைத்துப் பூசினேன்.
புதுப்பாளையத்து சித்த வைத்தியரின் அருகம்புல் எண்ணெய்,
தலையணை உறையெல்லாம் பச்சை.
மெடிக்கலில் நீட்டிய ட்யூப்:
மூன்றே நாளில் மாப்பிள்ளைக் கை,
இரண்டு மாதத்தில் வெங்காயத் தோல்.
கத்தரிக்காயை விட்டேன், கருவாட்டை விட்டேன், நண்டை அழுதுகொண்டே விட்டேன்.
திருவந்திபுரம் கிணற்றில்
உப்பும் மிளகும் வெல்லமும் போட்டேன்.
உப்பு கரைந்திருக்கும். வெல்லமும்.
மிளகு என்ன ஆனதென்று குனிந்து பார்க்கவில்லை.

முதலில் விரலிடுக்கில் கடுகு கடுகாக நீர் கோக்கும்.
பிறகு அரிப்பு. அதை எழுதத் தெரியவில்லை.
ராத்திரி இரண்டு மணிக்குக் கதவு நிலையில்
உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு நிற்பேன்.
அப்போது வருகிற சுகத்துக்கு
ஒரு மாதச் சம்பளத்தை எழுதிக் கொடுக்கலாம்.
விடிந்தால் வெடிப்பு.
எலுமிச்சை ஊறுகாய்க்குத் தெரியும், எங்கெங்கே என்று.
தேன்மொழி சோற்றைப் பிசைந்து ஸ்பூன் போட்டு வைப்பாள்.
ஸ்பூனும் அந்தச் சாதிதான் என்று
அப்புறம்தான் தெரிந்தது.

பயணிகள் கெட்டிக்காரர்கள்.
காசை வைப்பதில்லை, போடுகிறார்கள்,
அரை அடி உயரத்திலிருந்து.
ஒருவர் மீதியே வேண்டாம் என்றார்.
மூன்று ரூபாய்.
பின்னாலேயே போய் அவர் மடியில் வைத்துவிட்டு வந்தேன்,
அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

பெண்களுக்குக் காசில்லை என்பதை
யார் எப்படி வேண்டுமானாலும் ஏசட்டும்.
நாற்பது பெண்கள் ஏறும் நடையில்
என் கட்டைவிரல் கொஞ்சம் தூங்குகிறது.

பருத்திக் கையுறை போட்டேன்,
மிஷினில் பட்டன் இரண்டிரண்டாக அழுந்தியது.
கழுத்தில் பிளாஸ்டிக் டப்பா மாட்டிக்கொள்ள மனு கொடுத்தேன்.
"உண்டியலா?" என்றார் டிரைவர் ஞானமூர்த்தி.
நானும்தான் சிரித்தேன்.
மனு மேசையில் இருக்கிறது.

தாழங்குடாவில் ஏறும் அஞ்சலாட்சிக்கு டிக்கெட் இலவசம்.
கூடைக்கு இல்லை. கூடைக்குப் பத்து.
ஒரு நாள் கேட்டாள், என்னய்யா கை இப்படி?
காசு ஆகாதாம், என்றேன்.
அவள் தன் கையைத் திருப்பிக் காட்டினாள்.
ஐஸும் உப்பும் தின்ற கை. வழவழவென்று.
"ரேஷன் கடை மிஷின் இப்படி ஒரு ஆளே இல்லேங்குது."
மஞ்சக்குப்பத்தில் கூடையை இறக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து
பத்து ரூபாய்க் காசைப் பாலிதீன் துண்டில்
முடிந்து எடுத்துவருகிறாள்.
ஐஸ் தண்ணீர் சொட்டும், கவுச்சி அடிக்கும்.
போடுவதில்லை. வைக்கிறாள்.
வைத்து ஒரு அமுக்கு அமுக்குகிறாள்.
வலிக்கிறது.
சொல்லவில்லை.

ராத்திரி டிப்போவில் கேஷியர் மூக்கைப் பிடித்துக்கொண்டு
என்னய்யா இது, பிரி, என்கிறார்.
பிரிக்காம எண்ணுங்க சார்.
பத்து ரூபாதான்.